சிக்னல் வீட்டு ரேடியோ டப்பாக்கள்

அநியாயம் நடந்தது மனைவிக்கு. செய்தவர் கணவர். மாலைக் கல்லூரியில் சட்டம் படிக்க இடம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள் அவள். கையிலிருந்த செய்தித்தாளைக்கூட மடக்காமல் அவர் தீர்ப்பு வழங்கினார்.

"சாயங்காலம் நீ போயிட்டா வீட்டை யாரு பாக்கறது? இப்பவே பாதி வேலை நான்தான் செய்யறேன்."

எந்தப் பாதி என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமாகக் கேட்கிற மனைவிக்குப் பதில் சொல்வது வழக்கமில்லையே, சவால்தான் விடுவார்கள். அளந்து காட்டுகிறேன், என் பங்கு பாதிக்குக் குறைந்தால் நீ தாராளமாகப் போ, குறையாவிட்டால் கல்லூரிப் பேச்சையே விட்டுவிடு என்றார்.

கிடங்குகளில் எந்தச் சரக்கு எங்கே நகர்கிறது என்று காட்டும் சின்ன ரேடியோக்களைப் பொருத்துவது அவர் தொழில். தெருவில் அவருக்கு 'சிக்னல்' என்று பெயர். மறுநாளே சமையலறையில் ஒரு டப்பா, துணி துவைக்கும் மூலையில் ஒன்று, நடையில் ஒன்று, கூடத்தில் ஒன்று என்று வீட்டைக் கிடங்காக்கிவிட்டார். ஆளுக்கொரு ரேடியோ வில்லை கழுத்தில். வில்லை எந்த டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறதோ, அங்கே வேலை நடக்கிறது என்று கணக்கு. தண்ணீர் குடிக்கப் போனாலும் வேலை, மூடியைத் திறந்து குழம்பை முகர்ந்தாலும் வேலை. சட்டம் இயற்றியவர் அவராயிற்றே.

சாப்பாட்டு மேசையில் விளக்கவுரை நடந்தது. சமையலறை டப்பாவின் குரல் இரண்டு சுவர் தாண்டிக் கூடத்துக்கு எட்டாதாம். அது நடையிலிருப்பதிடம் சொல்லும், நடை கூடத்துக்குச் சொல்லும். பேட்டரி தீராமலிருக்க டப்பா, வில்லை எல்லாம் தூங்கிக்கொண்டே இருக்கும். கூடத்து டப்பா காட்டும் நேரத்தைப் பார்த்து, ஒரே நொடியில் விழித்து, பேசி முடித்து மறுபடி தூங்கும்.

"ஒண்ணு மட்டும் நேரம் தப்பி முழிச்சா?" என்றாள் அவள், அவர் தட்டையும் சேர்த்து எடுத்தபடி.

"மத்ததெல்லாம் தூங்கறப்ப அது தனியா கத்திக்கிட்டிருக்கும். யாரு காதுலயும் விழாது."

"வீட்டுல இருக்கற ஒருத்தர் மாதிரி," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

அப்போதுதான் அவருக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. அவள் வில்லையின் கடிகாரத்தைத் துளி பின்னுக்குத் தள்ளினார். தானாகத் திருத்திக்கொள்ளும் வழியையும் அடைத்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாய் விட்டுப்போகும், அவள் கணக்கு பாதிக்கு இறங்கும், யாருக்கும் சந்தேகம் வராது என்று எண்ணம். கிடங்கில் இதே தப்பைச் செய்த பயிற்சிப் பையனை முட்டாள் என்று திட்டியவர்தான். பேராசை வந்தால் சொந்தப் படிப்பே மறந்துபோகும் போலிருக்கிறது.

வாரம் முடிந்ததும் மாடியில் குடியிருக்கும் தன் அக்காவை நடுவராக அழைத்தார். தினமும் இரவுச் சாப்பாடு அக்காவுக்கும் இங்கேதான். முடிவை முன்கூட்டிப் பார்க்கக்கூட இல்லை, அவ்வளவு நம்பிக்கை. டிவியில் படம் விரிந்தது. சமையலறையில் அவர். துணி மூலையில் அவர். நடையிலும் அவர். மனைவியின் வரிசை துடைத்துவிட்ட பலகை. ஒரு புள்ளி கிடையாது. வாரம் முழுக்க அவள் வில்லை மற்றதெல்லாம் தூங்கும்போதே கத்தியிருக்கிறது.

சிக்னல் மனக்கணக்குப் போட்டார். கடிகாரத்தில் கை வைத்ததைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் இந்தப் படத்தைத் தாங்கி நிற்க வேண்டும். மானத்தைத் தேர்ந்தெடுத்தார்.

"மெஷின் பொய் சொல்லாதுக்கா."

"சரிடா தம்பி. அப்ப ஒரு வாரமா நான் சாப்பிட்டதெல்லாம் யாரு சமைச்சது?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் டிவியைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல்.

"துணி?"

"அதுவும்."

அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பந்தயத்தில் ஜெயித்த முகம் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள அவரைப் பார்த்திருந்தால் யாருமே பந்தயம் கட்டமாட்டார்கள். மனைவி தன் வில்லையைக் கழற்றி அவர் கழுத்திலேயே மாட்டினாள்.

"நீங்கதான் ஜெயிச்சீங்க, ஒத்துக்கறேன். ஒரு வாரமா நான் வீட்டுலயே இல்ல, ஆனா அக்கா ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கல, அழுக்குத்துணி ஒண்ணுகூடக் கிடக்கல. இனிமே வீட்டை யாரு பாக்கறதுன்னு கேக்கவே வேண்டாம் பாருங்க, திங்கக்கிழமை வகுப்பு ஆரம்பிக்குது, நான் போறேன்."