இடது பக்கத்துச் செம்பருத்தி

போடி,
12.8.83, வெள்ளி

அன்புள்ள கோட்டைச்சாமி அண்ணனுக்கு,

தங்கை வேலுத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் செம்பருத்தியைத் தவிர எல்லோரும் சௌக்கியம். மலை மேல் மழையும் அட்டையும் குறைந்து, நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை.

நேரில் என்றால் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதியே கேட்கிறேன். எஸ்டேட்டில் மிச்சமானது என்று ஏலச்செடி மருந்து ஒரு டின்னும் அதை அடிக்கிற பம்பும் ஜீப்பில் கொடுத்துவிட்டீர்களே, யாரைக் கேட்டு அனுப்பினீர்கள்? வாசல் கேட்டுக்கு இரண்டு பக்கமும் நான் வளர்த்த செம்பருத்தி வேலியில் மாவுப்பூச்சி இருந்தது உண்மை. அதைத் தின்னப் பொறிவண்டுப் புழுக்களும் வந்திருந்தன. அவையும் வெள்ளையாக, மாவுப்பூச்சி மாதிரியே, கொஞ்சம் பெரிதாக இருக்கும். அப்பா பார்த்துவிட்டு, "இதுதான் அம்புட்டுப் பூச்சிக்கும் தாய்" என்று முதலில் அவற்றையே மருந்தில் குளிப்பாட்டிவிட்டார். "அப்பா, அது நம்ம ஆளு" என்றேன். "நீ படிச்சது பரீச்சைக்கு ஆத்தா. செடிக்கு மருந்துதான்" என்றார். என் பி.எஸ்ஸி. பட்டத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாரே, அதே அப்பா!

அம்மா நடுவில் புகுந்து வேலியைப் பிரித்தாள். இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் அப்பாவுக்கு. ஆடிக் கடைசி வெள்ளி காலையில் எந்தப் பக்கம் பூ அதிகமோ, இனி அந்த வைத்தியம்தான் முழு வேலிக்கும். ஒரு மாதம் பாடுபட்டேன் அண்ணே. பூச்சி அப்பிய கிளைகளை வெட்டி எரித்தேன், தினமும் இலைக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சினேன், எறும்பு ஏறாமல் காத்தேன், மீதியைப் பொறிவண்டிடம் விட்டேன். நேற்று என் பக்கம் முழுக்க மொட்டு. இன்று காலை ஆறு மணிக்கு எதிர்வீட்டுச் சுந்தரம்மாள் அத்தை கூடையோடு வந்தார், பின்னாலேயே தெருவும் வந்தது. "மருந்து நாத்தம் அடிக்கிற பூவையா ஆத்தாளுக்கு வைக்கிறது? இந்தப் பக்கந்தேன் சுத்தம்" என்று அத்தனையையும் பறித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தை அதோடு விட்டாரா? "தலைக்குத் தேய்க்கக் கொஞ்சம் எலை எடுத்துக்கிறேன் தாயி" என்று கிளைகளையும் உருவிவிட்டார். ஏழு மணிக்கு அப்பா வந்தால், வலது பக்கம் சிவப்பாகச் சிரிக்கிறது, என் பக்கம் மொட்டை போட்டு நிற்கிறது. "பாத்தியா, ஒன் வண்டு பூவையும் தின்னுருச்சு!" என்கிறார். உங்கள் பக்கம் இலையைத் திருப்பிப் பாருங்கள், பூச்சி மறுபடி ஏறிவிட்டது என்றேன். "பந்தயம் பூவுக்கு. எலைக்கு அடியில நமக்கென்ன சோலி?"

ஞாயிற்றுக்கிழமை முழு வேலிக்கும் மருந்தடிக்கப் போகிறார். நாளை காலை ஜீப்பில் இந்தக் கடிதம் வரும். கண்டதும் வெரசா இறங்கி வந்து நியாயம் சொல்லுங்கள். இன்னொரு டின்னோடு வந்தால் உங்களோடு பேசவே மாட்டேன். நான் பேசாமலிருப்பது புதிதா என்று சிரிக்க வேண்டாம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும். இளையவள் ஆசி கூறக்கூடாதுதான், இருந்தாலும் அம்மன் உங்களுக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வேலுத்தாய்

பின்குறிப்பு: அண்ணே, நீங்கள் வர வேண்டாம். உறையை ஒட்டப் போகும் நேரம், அப்பா குளித்துவிட்டு, விளக்கேற்றப் பூ எடுக்க வாசலுக்குப் போனார். வலது பக்கத்துப் பூக்களையெல்லாம் தாண்டி, என் பக்கம் வந்து, மிஞ்சிய இலைகளுக்குள் ஒளிந்திருந்த ஒற்றைப் பூவைத் தேடிப் பறித்தார். படியில் நின்ற அம்மா, "ஏன், அந்தப் பக்கம் பூவே இல்லையாக்கும்?" என்றாள். "சாமிக்குல்ல" என்றார் அப்பா. பம்பும் டின்னும் இதே ஜீப்பில் வருகின்றன, இறக்கிக்கொள்ளுங்கள். சாக்கில் கட்டியது அப்பாதான்.