எறங்குங்க அண்ணன்

கம்ப்யூட்டருக்குள் மட்டுமே உயிர்வாழும் அமெரிக்கப் பந்துவீச்சாளர்களுக்குத் தோள் வலிக்குமே என்று சோறு இறங்காமல் தவிக்கும் மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் அரியலூர் லாரி ஆபீசில் இருக்கிறார்.

சிமெண்ட் லாரிகளுக்கு டிரைவர் போட்டு அனுப்புவது அவர் வேலை. கண் சிவந்து ஒரு டிரைவர் வந்தால், "எறங்குங்க" என்று சாவியை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். அதனாலேயே 'எறங்குங்க அண்ணன்' ஆனார். சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்துபோயிருக்கும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் திரையில் பேஸ்பால் விளையாட்டு ஒன்று திறந்திருக்கும். என்னவென்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

"இது என்னண்ணே?"

"பந்து போடறவரு களைச்சிட்டா எறக்கிட்டு, வேற ஆள ஏத்தணும் தம்பி. யாரை எப்ப எறக்கறதுன்னு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள செட்டிங்ஸ்ல போட்டுடணும். அப்புறம் கம்ப்யூட்டரே ஆடிக்கும்."

"அப்ப நீங்க ஆடறதில்லையா?"

"இல்ல."

"பாக்கறதாச்சும்?"

"அதுவும் இல்ல. காலையில ரிசல்ட்டு வரும்."

கல்யாணத்துக்குப் போகாமல் பந்திக்கு மட்டும் கவலைப்படுகிற ஆள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பந்தி என்றதும் குரும்பலூர் கல்யாணம் ஞாபகம் வருகிறது. பெண்ணின் தாய்மாமன் சாம்பார் வாளியோடு பெருமையாகப் பரிமாறிக்கொண்டிருந்தார். எதிர் இலையில் உட்கார்ந்திருந்த நம்மவர் எழுந்துபோய் வாளியைப் பிடித்தார்.

"மாமா, கை நடுங்குது. எறங்குங்க."

"யார்ரா நீ? எம் மருமவ கல்யாணத்துல எங்கிட்டருந்தே வாளியப் புடுங்குறியா?"

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். பெண்ணின் அப்பா பின்னாலேயே ஓடிக் கெஞ்சிக் கூட்டிவர வேண்டியதாயிற்று. பாயசம் வருவதற்குள் அண்ணனை நான் வெளியே இழுத்து வந்துவிட்டேன்.

அன்றோடு அண்ணன் ஒரு பாடம் கற்றார். பெரியவர்களை நடுவில் இறக்கக் கூடாது! பாடம் நேராகப் பேஸ்பாலுக்குள் போய்விட்டது. அவர் அணியில் வயதான பந்துவீச்சாளர் ஒருவர் உண்டு. அண்ணன் அவரைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வார். மற்றவர்கள் லேசாகக் களைத்தாலே இறக்கம். பெரியவர் மட்டும் முடிகிறவரை போடலாம்.

"கம்ப்யூட்டர்ல இருக்கறவருக்கு என்னண்ணே மரியாதை?"

"மனசு நோவும்ல தம்பி. அதுக்குத்தான், ஒருநாள் போட்டா மறுநாள் முழுக்க ரெஸ்ட் குடுத்துடறேன்."

அந்த ரெஸ்டை அவர்தான் மறக்காமல் போட வேண்டும். மறந்தால் கம்ப்யூட்டர் கிழவரை மறுபடியும் அனுப்பிவிடும்.

இப்படி ஆடியும், அதாவது ஆடாமலும், போன சீசனில் அவர் அணி முதன்முதலாக ஃபைனலுக்கு வந்துவிட்டது. லாரி கிளீனர் வரைக்கும் செய்தி தெரியும். முந்தின நாள் ஆட்டத்தில் பெரியவர் பந்து போட்டு ஜெயித்திருந்தார். ஃபைனலில் அவருக்கு ரெஸ்ட் போட வேண்டும்.

அந்த வாரம்தான் என் அப்பா பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் படுத்தார். கூட நான் ஒருத்தன்தான். ஃபைனல் அன்று மத்தியானம், கட்டில் பக்கத்து ஸ்டூலில் தூங்கித் தூங்கி விழுந்துகொண்டிருந்தேன். எதிரே கையில் ஃபிளாஸ்கோடு அண்ணன்.

"தம்பி, கண்ணு செவந்து கெடக்கு. எறங்குங்க. நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்குப் போய்ப் பிணம் மாதிரி தூங்கினேன். காலையில் ஓடிவந்தால் அப்பா உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் போனைப் பார்த்தபடி இடிந்துபோய் இருக்கிறார்.

"என்னண்ணே?"

"சாயங்காலம் அப்பாவ ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆறு மணி ஆனதே தெரியல. பெரியவர மறுபடி அனுப்பிட்டானுவ. செம அடி. தோத்துட்டோம்."

"அய்யோ, கப்பு போச்சேண்ணே!"

"கப்பு கெடக்குது. மொத நாள்தான் போட்டாரு. மறுநாளும் போட்டா வயசானவரு கை என்னத்துக்கு ஆவும்?"



இப்போது அடுத்த சீசன் நடக்கிறது. பேஸ்பால் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனாலும் தினமும் ஆறு மணிக்கு முன்னால் போன் போட்டு, "அண்ணே, பெரியவருக்கு ரெஸ்ட் போட்டாச்சா?" என்று கேட்டுவிடுகிறேன். "போட்டாச்சு தம்பி" என்று அந்தக் குரல் சொன்ன பிறகுதான் எனக்கு டீ இறங்குகிறது.