கதவை நாய் திறக்கவில்லை

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அந்தப் படம் நம் வீட்டில் ஓடாது என்று காலை ஏழு மணிக்கு, வாய் நிறையப் பற்பசை நுரையோடு, அறிவித்தேன்.

"எந்தப் படம்?" என்றாள் மனைவி.

"பாலத்துக் காவல்காரன் கதை. அதோட நாலு படமும்."

"நாலுல எனக்கு அந்த நாய் வர்றது பிடிக்கும்."

"அந்த நாயாலதான் இந்த முடிவே."

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பிழைதான் என் பிழைப்பு. பகல் முழுக்கப் பிறர் செய்த தப்பைச் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், வட்டம் போட ஒன்றும் கிடைக்காமல் கோபம் என்னையே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மாதம் எங்கள் அச்சகத்தில் அந்தப் பழைய கிறிஸ்துமஸ் கதையைப் புதிதாக அச்சிட்டார்கள். ஆறு தடவை மெய்ப்புப் பார்த்தேன். ஆறாவது தடவை முடிந்தபோது, உலகத்தில் அந்தக் கதை புரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

கதை சின்னது. பாலத்து முனையில் ஒரு காவலறை. உள்ளே ஒரு சிடுமூஞ்சிக் காவல்காரன். தம்பியோடு பேச்சுவார்த்தை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம், கொட்டுகிற பனியில், தம்பி வந்து கதவைத் தட்டுகிறான். ஒரு வார்த்தை பேசுவதில்லை. தட்டுகிறான், அவ்வளவுதான். முதல் தட்டலுக்கு, பாலம் மூடும் நேரமாகிவிட்டது என்று காவல்காரன் தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொள்கிறான். இரண்டாவதுக்கு, முழங்கால் வலிக்கிறது என்கிறான். மூன்றாவதுக்குச் சாக்கு அகப்படவில்லை. எழுந்துபோய்த் திறக்கிறான். கதை முடிந்தது.

இதைப் படமாக எடுத்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் படம் ஊமைப்படம். ஒரு தேவதை வந்து தாழ்ப்பாளைத் தொடுகிறாள். அது தானாக விலகுகிறது. இரண்டாவது பாட்டுப் படம். ஏழாவது பாட்டில் காற்றடித்துக் கதவு திறக்கிறது, எட்டாவது பாட்டில் அண்ணனும் தம்பியும் கைகோத்து ஆடுகிறார்கள், முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. மூன்றாவது தொலைக்காட்சித் தொடர். இருபத்தாறு வாரம் தட்டுகிறான். கடைசி வாரத்தில் எல்லாம் கனவு. நாலாவது கார்ட்டூன். காவல்காரன் வீட்டு நாய் தாழ்ப்பாளைப் பல்லால் கவ்வி இழுக்கிறது.

"மூலக்கதையில நாயே கிடையாது" என்றேன் வாயைக் கொப்பளித்துவிட்டு.

"அவ்வளவு பனியில ஒரு நாயாவது துணைக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

"புரியாம பேசாத. தாழைத் திறந்தா தாழ்ந்து போயிடுவோம்னு ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். அவன் எழுந்து வந்து, அவன் கையால திறக்கிறான். அதுதான் கதையே. தேவதை திறந்தா அது தேவதைக்குப் பெருமை. காத்து திறந்தா அது தச்சனோட தப்பு."

மனைவி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. முந்நூறு பிள்ளைகளை ஒரே விசிலில் நிறுத்துகிறவள். வீட்டில் ஒருவன்தான் என்பதால் விசில் தேவைப்படுவதில்லை.

"இவ்வளவும் என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நூலகத்துல சனிக்கிழமை பேசறதுக்கு ஆள் தேடறாங்களாம். கதையின் பொருளும் திரை வடிவங்களும்னு தலைப்புகூட வச்சிருக்காங்க."

தலைப்பு இவ்வளவு தோதாக அமைந்ததில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கோபத்தில் இருப்பவனுக்கு மேடை என்றதும் காது அடைத்துவிடுகிறது. ஒப்புக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் தம்பியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவன் பல் மருத்துவன். நாலு தெரு தள்ளி வீடும் கிளினிக்கும். அவன் ஊரார் பல்லைப் பிடுங்குகிறான். நான் நாலு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் எனக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தபோதுகூட அவனிடம் போகவில்லை. வேறொருவரிடம் போய், நல்ல பல்லைப் பறிகொடுத்துவிட்டு, வலிக்கிற பல்லோடு திரும்பி வந்தேன்.

சண்டை அம்மாவால். அம்மா எங்களோடு இருந்தாள். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவின் முழங்கால் போன பிறகு ஏழு மாதம் அவள் கீழே இறங்கவே இல்லை. நான் வேலையாகப் பத்து நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பினால் கட்டில் காலி. தம்பி வந்து, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பேரைத் துணைக்கு வைத்துத் தூக்கிக்கொண்டு, தன் தரைத்தள வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே அம்மா தினமும் வாசலில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களோடு பேசினாளாம். ஒரு வருஷம் அப்படிச் சந்தோஷமாக இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தாள்.

அவன் செய்தது சரி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வாரம் முழுக்க மனைவியை எதிரே உட்காரவைத்து உரையை ஒத்திகை பார்த்தேன். அவள் இவ்வளவு பொறுமையாக நான் பேசிக் கேட்டது கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"ஒரு சந்தேகம்" என்றாள். "தப்பு தம்பி பேர்லன்னா?"

"யார் பேர்ல தப்புங்கறது கதையிலயே கிடையாது. அந்தக் கணக்கைப் பார்த்தா கதவு திறக்காது."

"நல்லா இருக்கு. அதை எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன்.

"அவன் முதல்ல மன்னிப்புக் கேட்க வேண்டாமா?"

"கேட்கவே கூடாது. கேட்டா அண்ணன் ஜெயிச்சிடுவான். ஜெயிச்சவன் திறக்கிற கதவுக்கு என்ன மதிப்பு?"

"அதையும் எழுதிக்கோங்க. கொஞ்சம் பெருசா."

பெரிதாக எழுதிச் சிவப்பில் அடிக்கோடும் போட்டேன்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. நூலகத்தின் பின்கூடத்தில் முப்பது பேர். வெளியே நல்ல மழை. சாரல் புத்தகங்கள்மேல் அடிக்கிறதென்று நூலகர் அம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் வரிசையில் எங்கள் தெருத் தையல்காரர், கழுத்தில் அளவுநாடாவோடு. மூன்றாவது வரிசையில் என் மனைவி.

பேசினேன். அப்படி ஒரு பேச்சை நான் என் வாழ்நாளில் பேசியதில்லை. தேவதையைக் கிழித்தேன். பாட்டுகளைக் கிழித்தேன். இருபத்தாறு வாரத்தையும் வாரவாரியாகக் கிழித்தேன். நாய்க்கு வந்தபோது மேசையில் ஒரு குத்து விட்டேன். தண்ணீர் டம்ளர் உருண்டது. முன்வரிசை கால்களைத் தூக்கிக்கொண்டது. "மனுஷன் செய்ய வேண்டியதை நாய் தலையில் கட்டுகிறவன் கலைஞனா? கோழை. கதவைத் திறக்கும் தைரியம் அவனுக்கும் இல்லை, அவன் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் நமக்கும் இல்லை" என்றேன். தையல்காரர் அளவுநாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

நூலகர் அம்மா எழுந்தார். மூன்றாவது வரிசையிலிருந்து என் மனைவி, "நீங்க உட்காருங்கம்மா, அவர் திறப்பாரு" என்றாள். நூலகர் அம்மா உட்கார்ந்துவிட்டார். முந்நூறு பிள்ளைகளுக்கே அந்தக் குரலைத் தாண்டத் தைரியமில்லை.

கதவின் மேல்பாதி கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் மழையில் நின்றுகொண்டிருந்தவன் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மனைவி கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டம் ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஆச்சு" என்றேன் சபையைப் பார்த்து. "நேரத்துக்கு வராதவங்களுக்காக..."

"சார், இது காவல்காரனோட முதல் சாக்கு" என்றார் தையல்காரர். கேலி இல்லை. உரையை உண்மையிலேயே கவனமாகக் கேட்டிருந்தார்.

மறுபடி தட்டல்.

"மேடையிலிருந்து இறங்கணும். காலையிலிருந்தே எனக்கு முழங்கால்..." என்று ஆரம்பித்துவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பின்வரிசையில் ஒரு பெண், "ரெண்டாவது" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. முப்பது பேரும் என்னையே பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் கதை புரிந்திருந்தது. அவ்வளவு நன்றாகப் புரியவைத்த என்மீது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மூன்றாவது தடவை தட்டியபோது நான் கதவருகே நின்றிருந்தேன். எப்போது இறங்கி நடந்தேன் என்று நினைவில்லை. தாழ் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன்.

தம்பிக்கு முன்தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, இடுப்பை லேசாகச் சாய்த்து நின்றான். முழங்கால் போவதற்கு முன்பு அம்மா வாசலில் நிற்பாளே, அதே நிலை. மன்னிப்புக் கேட்கவில்லை. வாயே திறக்கவில்லை.

"குடை எடுத்துட்டு வர்றதுக்கென்ன? தலை ஈரமா நிக்கற. உள்ள வா" என்று கத்தினேன். நாலு வருஷத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தையும் அதட்டலாகத்தான் வந்தது.

கூடமே கைதட்டியது. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கைக்குட்டை என் கையில் இருந்ததால் மேசையைக் குத்த முடியவில்லை.

திரும்பி வரும்போது தம்பியை முன்னால் நடக்கவிட்டு மனைவியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீதானே அவனை வரச்சொன்னது?"

"உரைக்கு வாங்கன்னு சொன்னேன். முப்பது பேர்கிட்டயும் சொன்ன மாதிரி."

"வாயைத் திறக்காதேன்னும் சொல்லியிருக்க."

"மன்னிப்புக் கேட்கவே கூடாதுன்னு அடிக்கோடு போட்டது நானா?"

ஒன்றே ஒன்றுதான் ஆறுதல். என்ன சூழ்ச்சி செய்திருந்தாலும், நாலு வருஷம் மூடிக் கிடந்ததைத் திறந்தது நான். வீட்டு வாசலை அடைந்தபோது அந்த நினைப்பில் மார்பு கொஞ்சம் விரிந்துகூடப் போயிருந்தது. மூன்று மாடியும் மூச்சு வாங்காமல் ஏறினேன். அவனுக்கு என் கையாலேயே டீ போட்டுக் கொடுப்பது, பழசைப் பேசாமலிருப்பது என்று படிக்கட்டிலேயே முடிவு செய்தேன். பாவம், போன வருஷம் நாங்கள் சமையலறையை இடித்துக் கட்டியது அவனுக்குத் தெரியாது. எது எங்கே இருக்கிறதென்று தடுமாறுவான், நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தம்பி நேராகச் சமையலறைக்குள் போய்விட்டான். விளக்குப் போடும் சத்தம் கேட்டது. அடுப்புப் பற்றும் சத்தம் கேட்டது. அலமாரி ஒன்று திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் கேட்டது.

"அண்ணி, சர்க்கரை டப்பாவை எங்க மாத்தி வச்சீங்க? போன புதன்கிழமைகூட இங்கதானே இருந்துச்சு?"