முகிலர் இடப்பக்கமாகச் சுற்றிய கதை

யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருப்பார் என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாத ஒரே மனிதர் எங்கள் முகிலர்தான். தெல்லிப்பழைப் பக்கத்தில் நான் தமிழ் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அவர் இரசாயன ஆசிரியர். அணுவுக்குள் இலத்திரன் ஓரிடத்தில் நிற்பதில்லை, முகில் மாதிரிப் பரவிக் கிடக்கிறது, அது இருக்கக்கூடிய வெளிக்குத்தான் ஒபிற்றல் என்று பெயர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். பிள்ளைகள் உடனே பட்டம் வைத்துவிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனது.

ஆளும் அப்படித்தான். பள்ளிக்கூட அதிபர் போனில் எங்கே நிற்கிறீர் என்று கேட்டால், கொடிகாமத்தில் நிற்பதற்கு வாய்ப்பு அதிகம் என்று பதில் வரும். மோட்டார் சைக்கிளைச் சந்தையில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்து, களவு போய்விட்டதென்று பொலிசுக்குப் போனவர்.

ஒருமுறை பெற்றோர் கூட்டத்துக்கு ஆட்களை இருத்தும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டோம். ஒரே சக்தியுள்ள ஒபிற்றல்களில் இலத்திரன்கள் முதலில் தனித்தனியாகத்தான் போய் இருக்கும், வெற்றிடம் முடிந்தபிறகுதான் சோடி சேரும் என்பது விதியாம். அதன்படி நாலு பேர் இருக்கிற நீள வாங்குக்கு ஒருவராக, புருசனை ஒரு மூலையிலும் பெண்சாதியை இன்னொரு மூலையிலும் இருத்திவிட்டார். தகப்பன்மார் முறைத்தார்கள். தாய்மார் சிலர் நிம்மதியாக இருந்ததையும் நான் கண்டேன்.

இப்படிப்பட்டவருக்கு உயிரியல் படிப்பிக்கும் ரீச்சர் மேல் காதல். அது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். ரீச்சரிடம் மட்டும் அவர் சொல்லவில்லை. ரீச்சருக்கு அடுத்த பள்ளித் தவணையிலிருந்து வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. போனால் போனதுதான். கலியாணத் தரகர் வேறு ரீச்சர் வீட்டுப் படலையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"சொல்லத்தான் வேணும் அண்ணை. ஆள் முன்னாலை வந்தா எனக்குக் கதை வருகுதில்லை," என்றார் முகிலர் என்னிடம்.

அந்தக் கிழமைதான் அம்மன் கோயில் திருவிழா. பொழுதுபட்ட நேரம். வெளிவீதி மணல் இன்னும் சூடு ஆறவில்லை. கற்பூரப் புகையும் நாதஸ்வரமும் கலந்து, நடப்பவர்கள் எல்லாம் மிதப்பது போல இருந்தது. சனம் முழுக்க வலமாகச் சுற்ற, நடுவில் ரீச்சர். அந்தப் புகைக்குள்ளிருந்து எதிர்ப்பக்கமாக, இடமாகச் சுற்றிக்கொண்டு வந்தார் முகிலர்.

நாதஸ்வரக்காரருக்கே ஒரு சுரம் தப்பியது. "தம்பி, உதென்ன, செத்தவீட்டுச் சுத்தோ?" என்று ஒரு பெரியவர் மறித்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒரு ஒபிற்றலிலை ரெண்டு இலத்திரன் இருக்கோணுமெண்டா எதிரெதிராச் சுழலோணும் அண்ணை," என்றார் வகுப்பில் சொல்வதுபோல உரக்க. "இப்பிடிப் போனாத்தான் ஒரு சுத்துக்கு ரெண்டு தரம் அவவின்ரை முகத்தைப் பாக்கலாம்."

இனி இந்த ஊரில் எந்தத் தகப்பன் இவருக்குப் பெண் கொடுப்பான்? அதற்குள் மேற்கு வீதியில் ரீச்சரும் வந்து சேர்ந்துவிட்டார். முகிலர் சொன்னதெல்லாம் ரீச்சரின் காதில் விழுந்திருந்தது. சனம் நடையை நிறுத்தியது. முகிலர் வகுப்பில் செய்வதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

ரீச்சர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"சேர், எதிரா இருக்க வேண்டியது சுழற்சி மட்டுந்தான். ரெண்டுக்கும் ஒபிற்றல் ஒண்டுதானே. திரும்பி என்னோடை வாங்கோ."

முகிலர் திரும்பினார். வேட்டி தடக்கி ஒருமுறை தடுமாறினார், பிறகு பக்கத்தில் நடந்தார். மறித்த பெரியவர் விலகி வழி விட்டார். இருவரும் வடக்கு வீதிக்குத் திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று அம்மனிடம் எனக்கென்று ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அந்த மனிதன் நன்றாக இருக்கவேண்டும் என்று மட்டும் கும்பிட்டேன்.