நான் மொழிபெயர்த்த உப்புமா

பெரிய கம்பெனியில், “எது பிடிக்குது, எது பிடிக்கலை, மனசு விட்டுச் சொல்லுங்க” என்று கேட்பது, வழியில் பார்த்தவரை “சௌக்கியமா?” என்று விசாரிப்பது மாதிரிதான். நின்று பதில் கேட்க யாருக்கும் நேரமிருக்காது. இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அப்போது நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு பெரிய பிஸ்கட் கம்பெனியில், ஊழியர் நலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை மட்டும் நிரந்தரம். (கோவிந்தாபுரத்தில் சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில்கூட அதைக் கழற்றாமல் சாப்பிட்டவன் நான்.)

ஒருநாள் வடக்கேயிருந்து தலைமை அலுவலக அதிகாரி வந்தார். தொழிலாளர்களிடம் நேரடியாகப் பேச வேண்டும் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. பேக்கிங் பிரிவிலோ பெரும்பாலும் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள். எங்கள் மேனேஜர் மலையாளி. தமிழ் நன்றாகவே புரியும். ஆனாலும் மொழிபெயர்க்க என்னைக் கைகாட்டிவிட்டு, காதருகே வந்து, “பார்த்துப் பறயணும். உன்னைப் பெர்மனன்ட் ஆக்கற காரியம் என்ட கையிலதான்” என்றார்.

முதலில் எழுந்தவர் சரசக்கா. பேக்கிங்கில் மூத்தவர், யாருக்கும் பயப்படாதவர்.

“சம்பளம் ஒண்ணாந்தேதி வந்துருதுங்க. ஊட்டுப் பக்கமே பஸ்ஸு வருது. அதுல ஒரு கொறையும் இல்லீங்க.”

அப்படியே சொன்னேன். அதிகாரி கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

“ஆனா இந்தக் கேன்டீன் உப்புமா இருக்குதுங்களே, கரண்டியக் கவுத்தாலும் கீழ உழுக மாட்டீங்குது. வாரத்துல பாதி நாளு அதையே போட்டா எப்படீங்க திங்கறது?”

மேனேஜர் கூரையில் சுற்றிய மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். நான் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். “உப்புமா நல்ல கெட்டியாம். ஆனால் வாரத்தில் பாதி நாள்தான் கிடைக்கிறதாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்பறம், காலைல எல்லாத்தையும் நிக்க வெச்சுக் கைதட்டிச் சிரிக்கச் சொல்றீங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டி, பாலக் கறந்து ஊத்திப்போட்டு ஓடியாறனுங்க. எனக்கு எங்கீங்க சிரிப்பு வரும்?”

“இந்தச் சிரிப்புப் பயிற்சி வரும்வரை தன் வாழ்க்கையில் சிரிப்பே இருந்ததில்லை என்கிறார்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சரசக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “ஏனுங்க தம்பி, நா இத்தன நேரம் பேசுனத இத்தூண்டுல முடிச்சுப் போட்டீங்க?”

“இங்கிலீஷ் சுருக்கமான பாஷைங்கக்கா.”

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஒரு வெளிநாட்டுத் தூதரைப்போல உட்கார்ந்து ஊர் திரும்பினேன்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. தொழிலாளர்களின் விருப்பத்துக்கு இணங்கி இனி தினமும் உப்புமா. சிரிப்புப் பயிற்சி இரட்டிப்பு நேரம். அதற்குத் தலைவி சரசக்கா. அறிவிப்புப் பலகையில் அவருடைய படம்கூட வந்தது. (அதில் அவர் சிரிக்கவில்லை.)

மத்தியானம் கேன்டீனில் அவர் என் எதிரே வந்து நின்றார். “சுருக்கமான பாஷைன்னீங்க தம்பி. இத மட்டும் நல்லா நீட்டிப் போட்டீங்களாட்ட இருக்குது” என்று தன் உப்புமா முழுவதையும் என் தட்டில் தள்ளினார். பின்னாலேயே பேக்கிங் பிரிவு வரிசையில் வந்தது. ஆளுக்கொரு கரண்டி. தட்டில் ஒரு குன்று எழுந்தது. யாரும் திட்டவில்லை, நான் தின்று முடிக்கும்வரை கைகட்டி நின்றார்கள், அவ்வளவுதான்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

“எனிக்கு அன்னைக்கே தெரியும். ஆளுங்க சந்தோஷமா இருக்காங்கன்னு மேல ரிப்போர்ட் போயாச்சு. இனி மாத்தினா நம்ம ரெண்டு பேர் சந்தோஷமும் போகும்” என்றார் அவர். அந்த மாதமே நான் நிரந்தரமானேன். உப்புமாவும்.

சில வருஷம் கழித்துச் சரசக்காவே தன் தங்கை மகள் கவிதாவை எனக்குப் பேசி முடித்தார். “பையன் தங்கமானவன். சொல்றத மட்டும் இன்னொருத்தர்கிட்டக் கேட்டுக்கோணும்” என்றுதான் சிபாரிசு செய்தாராம். மாமியார் வீட்டில் இன்றும் அதைச் சொல்லித்தான் எனக்கு இலை போடுகிறார்கள்.

போன வாரம் அம்மா போன் செய்து, கவிதா கொடுத்தனுப்பிய புளிக்குழம்பை வாயில் வைக்க முடியவில்லை என்றார். நான் சமையலறைக்குப் போய், “உன் குழம்பை அம்மா மறக்கவே மாட்டாங்களாம்” என்றேன்.

கவிதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உப்பு ஜாஸ்தியாங்க, புளி ஜாஸ்தியாங்க?” என்றாள்.