தட்டு வராத கப்பல்

அந்தமான் மாயாபந்தரில் ஒரு புது இனத்தையே ஒற்றை ஆளாக உண்டாக்கியவர் பண்டாரி மாமா. பிள்ளை பெற்று அல்ல, மீன் குழம்பு வைத்து. மனிதருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரராக இருந்து, இங்கே கப்பல்துறைப் பக்கம் கரையேறியவர். ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் அவர்தான் சமையல். வங்காளிக் கடுகு, தமிழ்ப் புளி, மலையாளித் தேங்காய்ப்பால், தெலுங்கு மிளகாய் எல்லாம் ஒரே அண்டாவில் கொதிக்கும். "இது யாரு சாப்பாடு மாமா?" என்று கேட்டால், "நம்ம ஆளுங்க கானா. பேசாம சாப்பிடு" என்பார்.

ஒரு கல்யாணத்துக்குத் தட்டுகள் ஏற்றிய கப்பல் மெயின்லேண்டிலிருந்து வந்து சேரவில்லை. வாழை இலை வெட்டப் போனவர்களையும் காணோம். பந்தியில் முணுமுணுப்பு. மாமா அசரவில்லை. கையில் இருந்த ஒரே பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, "முதல்ல ரெண்டு சம்பந்தியும் ஒரே தட்டுல சாப்பிடணும். நம்ம ஆளுங்க வழக்கம்" என்று அடித்துவிட்டார். அடுத்த கல்யாணத்துக்குக் கப்பல் வந்தது, தட்டும் வந்தது. வழக்கம் மட்டும் போகவே இல்லை.

அப்புறம் என் கல்யாணம். பெண் வங்காளி வீடு. என் மூஞ்சியைப் பார்த்தும் அவள் ஏன் சம்மதித்தாள் என்பது இன்றுவரை விசாரணையில் இருக்கிறது. எனக்கு அப்பா இல்லை. அந்த இடத்தில் நிற்க சாத்தூர் பெரியப்பா கப்பலேறி, வழியெல்லாம் வாந்தியெடுத்து வந்து இறங்கினார். "பொண்ணு என்ன ஆளுக?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் திரும்பும் கப்பல் எப்போது என்று விசாரிக்க ஆரம்பித்தார். அம்மாவோ, "பெரியவரு இல்லாம தாலி கட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

முதல் நாள் விருந்தில் மாமா தட்டோடு பெரியப்பா முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, உட்காருங்க. நம்ம ஆளுங்க வழக்கம்."

"யாருய்யா உங்க ஆளுங்க? நான் சாத்தூர்க்காரன்."

"அச்சா. இந்தப் பையன்?"

"என் தம்பி மகன்."

"சாத்தூரைப் பார்த்திருக்கானா?"

"போட்டோவுல பார்த்திருக்கேன்" என்றேன் நான். அம்மா கிள்ளினாள்.

"பஸ், போதும்! அப்ப அவன் எங்க ஆளு. பெரியப்பாங்கிறதால நீங்களும் பாதி."

பசியோ, குழம்பு வாசனையோ, பெரியப்பா உட்கார்ந்துவிட்டார். முள்ளு மீன். முதல் வாயிலேயே இருமினார். எதிரே இருந்த என் மாமனார் முள்ளை எடுத்து எடுத்துச் சதையை அவர் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். தட்டு காலியானதும் பெரியப்பா என்னைப் பார்த்து, "ஏலே, நாளைக்கு எத்தனை மணிக்கு முகூர்த்தம்?" என்றார்.

போன மாதம் பெரியம்மா போன் செய்தாள். சாத்தூரில் பேத்தி கல்யாணத்தில் பெரியப்பா ஒரே தட்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தாராம். கேட்டவர்களிடம் "எங்க ஆளுக வழக்கம்" என்றாராம்.

ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். பெருமையாகச் சிரிப்பார் என்று பார்த்தால், "அங்க அவருக்கு முள்ளு எடுத்துப் போட ஆள் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மாமாவுக்கு எந்த ஊர், அவர் என்ன ஆளு என்று நான் இதுவரை கேட்டதில்லை. நம்ம ஆளிடம் போய் யாராவது அதைக் கேட்பார்களா?