கைப்பிடி இல்லாத சமையலறை

அந்த நடிகையின் வீட்டைப் பற்றி மனைவியிடம் ஒரு வார்த்தைகூட நல்லதாகச் சொல்வதில்லை என்று சபதமே எடுத்துக்கொண்டேன்.

நான் தச்சு வேலைக்காரன். நடிகை தன் பங்களாவை இடித்துப் புதுப்பித்தபோது சமையலறை அலமாரி முழுக்க என் கைவேலை. வாயைத் திறந்து பாராட்டினேனோ, தொலைந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே அலமாரி என் வீட்டிலும் நிற்க வேண்டும்.

"வீடு எப்படிங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"கண்றாவி. சமையலறை நடுவுல ஒரு தீவு."

"தீவா? சுத்தித் தண்ணி?"

"குழாயில வரும். தீவுன்னா நடுவுல ஒரு பெரிய மேடை. சுத்திலும் அலமாரி. ஒண்ணுக்கும் கைப்பிடி கிடையாது."

"அப்புறம் எப்படித் திறக்கிறது?"

"லேசா அமுக்கினா தானா திறக்கும்."

"அப்ப இடுப்பு இடிச்சாலும் திறக்குமே. பாவம் அந்தப் பொண்ணு."

அவள் பரிதாபப்பட்டதும் எனக்கு நிம்மதி. பரிதாபப்படுகிற பொருளை யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா?

மறுநாள் மதியம் பங்களா சமையலறையில் கதவு இழைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு டப்பாவோடு மனைவி வந்து நின்றாள்.

"மறந்துட்டு வந்துட்டீங்க."

"நான் பையில வச்சேனே?"

"நான்தான் வெளிய எடுத்து வச்சுட்டேன். இல்லாட்டி எப்படி உள்ள விடுவாங்க?"

சொல்லிக்கொண்டே தீவில் டப்பாவை வைத்தாள். அவள் இடுப்பு பட்டு, அலமாரிக் கதவு ஒன்று படக்கென்று திறந்து முழங்காலில் இடித்தது.

"உங்களுக்குமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நடிகையேதான்.

"இவர் அப்பவே சொன்னாருங்க, இந்தச் சமையலறை கண்றாவின்னு" என்றாள் என் தர்மபத்தினி.

என் கையிலிருந்த இழைப்புளி நின்றது. இன்றோடு வேலை போச்சு என்று உளியை எல்லாம் பைக்குள் போட ஆரம்பித்தேன்.

நடிகையோ நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து சிரித்தார். "அப்பாடா, ஒருத்தராவது வாய்விட்டுச் சொன்னாரே. வர்றவங்க எல்லாம் அற்புதம்னு சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு உப்பு எந்தக் கதவுக்குள்ள இருக்குன்னே தெரியலக்கா. முழங்கால் பூரா கன்னிப்போச்சு."

"கீழ்வரிசைக்கு எல்லாம் கைப்பிடி போடுங்க. உப்பு, புளி அடுப்புக்குப் பக்கத்துல. ஈரத்துணி காயப்போட ஒரு கம்பி வேணும். இவ்வளவு பெரிய வீட்ல அது ஒண்ணு இல்லையே" என்றாள் மனைவி.

நடிகை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நானும் உளிகளை மெதுவாக வெளியே எடுத்து வைத்தேன். வேலை போகவில்லை. போகாதது மட்டுமா, இன்னும் நீண்டது. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டேன்.

அது பாதி வெளியே வருவதற்குள் நடிகை என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நாளையிலிருந்து அக்காவும் வரட்டும். அவங்க சொல்ற மாதிரியே செஞ்சுடுங்க."

மனைவியின் அதிகாரத்துக்குத் தப்பித்து தினமும் நான் ஓடிப்போகிற இடம் அது ஒன்றுதான். இப்போது இருவரும் ஒரே வண்டியில் போய் இறங்குகிறோம்.